மூண்டு வருஷ டிகிரிக்கு ஏன் ஏழு வருஷம்? போர்க்காலத்தில யாழ்ப்பாணத்தில படிச்சாக்கள் ஒருக்கா உதவுங்கோ

கிணத்தடி_வாழை
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க கன காலமா வாசிக்கிற ஆள், எழுதுறது குறைவு. ஒரு உதவி வேணும், ரெண்டு கிழமையா நித்திரை இல்லை.

நான் 92ல ஏ.எல் (கம்பஸுக்கு எடுபடுறதுக்கான உயர்தரச் சோதினை) எடுத்து யாழ் கம்பஸில பி.எஸ்சி செய்தனான். 94ல உள்ள போய் 2000 கடைசியிலதான் வெளியில வந்தனான். மூண்டு வருஷப் படிப்பு. இப்ப இருக்கிற நாட்டில ரீச்சிங் லைசென்ஸுக்குப் போட்டிருக்கிறன். சேர்டிபிகேற்றை மதிப்பிடுற இடத்தில இருந்து ஒரு ஃபோர்ம் வந்திருக்கு. படிப்புக்காலம் ஏன் இவ்வளவு கூட எண்டு காரணம் எழுதி ஆதாரம் இணைக்கட்டாம். காரணம் எழுத ரெண்டு வரிதான் இடம். மேல பெட்டி பெட்டியா போட்டிருக்கு: சோதினையில தவறினது, தானா இடைநிறுத்தினது, சுகயீனம், ஒழுக்காற்று நடவடிக்கை, வேறு. நான் ஒரு பேப்பரும் ரிப்பீற் பண்ணேல்லை. "வேறு" எண்டதில புள்ளடி போட்டிட்டு பேனையோட இருந்தனான், என்னத்தை எழுதிறது ரெண்டு வரியில.

வேலை இடத்தில ஒருத்தர், எங்கட ஆள்தான், "அந்த நேரத்தில இரக்கப்பட்டு எல்லாரையும் பாஸ் பண்ணி விட்டவை எண்டு கேள்விப்பட்டனான்" எண்டு சொன்னார். அது எனக்கு ஃபோர்மை விட நொந்தது. உங்களில ஆருக்காவது இப்பிடிக் கடிதம் வந்து பதில் குடுத்திருந்தா சொல்லுங்கோ.

நல்லூர்_சைக்கிள்
அக்கா எனக்கும் இதே மாதிரி வந்தது, யோசிக்காதேங்கோ, வழி இருக்கு. பதிவாளருக்கு எழுதி பரீட்சைக் கிளையில இருந்து ஒரு உறுதிக் கடிதம் எடுங்கோ. "இவ காலதாமதம் ஆனவ" எண்ட கடிதம் இல்லை. நீங்கள் கேக்க வேண்டியது, ஒவ்வொரு சோதினையும் எந்தக் கல்வியாண்டுக்கு உரியது, உண்மையா எந்த மாதம் நடந்தது எண்ட ரெண்டு நிரல். என்ர ட்ரான்ஸ்கிரிப்டிலயே ஒரு ஆண்டுக்குரிய சோதினை அதுக்கு ஒண்டரை வருஷம் பிந்தி நடந்த மாதிரித்தான் இருக்கு. அதை வடிவா மார்க்கர் பண்ணி அனுப்பினன், பிறகு ஒரு கேள்வியும் வரேல்லை. இன்னொண்டு, உங்கட முழு பட்சும் அதே திகதியில சோதினை எடுத்தது எண்டு ஒரு வசனம் போடச் சொல்லிக் கேளுங்கோ. தனி ஆளின்ர பிரச்சினை இல்லை எண்டு காட்டுறது அந்த வசனம்தான்.

ரெண்டு வரி இடம் எண்டா "இணைப்பைப் பார்க்கவும்" எண்டு எழுதிட்டு தனிப் பக்கத்தில திகதி போட்டு எழுதுங்கோ. 95 ஏப்ரல் 19 சண்டை திரும்பத் தொடங்கினது. 95 ஒக்ரோபர் 30 வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது, கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியும் அதுக்குள்ளதான். 96 ஏப்ரலுக்குப் பிறகுதான் சனம் திரும்பினது. 2000 ஏப்ரல் 22 ஆனையிறவு ஆமி முகாம் புலியளிட்ட விழுந்தது, அதோட திரும்பவும் குழப்பம். இதெல்லாம் ஆருக்கும் தேடிப் பாக்கக் கூடிய திகதியள். கண்ணீரா எழுதாதேங்கோ, திகதியா எழுதுங்கோ, அந்த ஃபைலைப் பாக்கிற ஆளுக்கு திகதிதான் விளங்கும்.

கொழும்பு13
ஒரு விசயம் சேத்துக் கொள்ளுங்கோ. அந்தப் பின்னடைவு யாழ்ப்பாணத்தில மட்டும் தொடங்கினது இல்லை. 87ல இருந்து 90 வரைக்கும் ஜேவிபி எண்ட சிங்கள இடதுசாரிக் கட்சியின்ர கலவரத்தில தெற்கில இருக்கிற கம்பஸ் எல்லாம் வருசக் கணக்கா மூடிக் கிடந்தது. நாடு முழுக்க ஏ.எல் பாஸ் பண்ணின பிள்ளையள் வீட்டில இருந்தவை. என்ர அண்ணா பேராதனைக்கு எடுபட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ள போகக் காத்திருந்தவர். நீங்கள் 92ல எடுத்து 94ல போனதுக்கும் அந்த வரிசைதான் காரணம். மதிப்பிடுறவைக்கு இதைச் சொன்னா இது ஒரு நாட்டின்ர கதை எண்டு விளங்கும், ஒரு கம்பஸின்ர குறை எண்டு நினைக்க மாட்டினம்.

பழைய_நோக்குனர்
பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், எழுபத்தெட்டு வயது, பேரன்தான் ரைப் பண்ணுறான். "இரக்கப்பட்டு பாஸ் பண்ணினவை" எண்ட அந்த வசனத்துக்கு மட்டும் பதில் சொல்ல விருப்பம். 90ல இருந்து 95 வரைக்கும் ஏ.எல் சோதினை மண்டபத்தில நோக்குனராயும் பிறகு மேற்பார்வையாளராயும் நிண்டனான்.

வினாத்தாள் கொழும்பில அடிச்ச அதே வினாத்தாள். காலியில, கண்டியில எந்த நாள் எந்த நேரம் குடுத்தவையோ அதே நாள் அதே நேரம் எங்களிட்டயும். தரைப்பாதை இல்லை, செஞ்சிலுவைக் கொடி கட்டின கப்பலில பார்சல் வரும். சீல் உடையாமல் இருக்கோ எண்டு பிள்ளையளுக்குக் காட்டித்தான் வெட்டுவம். எழுதின விடைத்தாளும் அதே மாதிரிக் கட்டி, சீல் வைச்சு, அதே வழியால திரும்பிப் போகும். திருத்துறவருக்கு சுட்டெண் மட்டும்தான் தெரியும். ஆர் எழுதினது, பங்கருக்குள்ள படிச்ச பிள்ளையோ மின்விளக்கில படிச்ச பிள்ளையோ எண்டு தெரியாது. இரக்கம் எங்க வந்து புகுந்தது எண்டு அந்த ஆளிட்டக் கேளுங்கோ.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லுறன். பௌதிகவியல், ரெண்டாம் பகுதி. ஒரு மணித்தியாலம் போயிருக்கும், பொம்மர் (குண்டு போடுற பிளேன்) சத்தம். பள்ளிக்கூட வளவுக்குள்ள ரெண்டு பங்கர், தென்னங்குத்தியும் மண்மூட்டையும். பிள்ளையளை எழுப்ப வேணும், ஆனா எழுப்பினா உள்ள போய்க் கதைச்சுப் போடுவினம், கதைச்சா அந்தப் பேப்பர் செத்துப் போச்சு. சட்டக்கொப்பியில சுகயீனத்துக்கு இருக்கு, மழைக்கு இருக்கு, பொம்மருக்கு ஒண்டும் இல்லை. நான் என்ன செய்தனான் எண்டா, எல்லாரும் விடைத்தாளைக் கவிழ்த்து வைச்சிட்டு பேனையை மேல வைச்சிட்டு எழும்பச் சொன்னன். உள்ள ஒரு நோக்குனரை நடுவில இருத்தினன், ஆரும் வாய் திறந்தா முழு மண்டபத்துக்கும் பேப்பர் ரத்து எண்டு சொன்னன். அப்பிடி ரத்தாக்க எனக்கு அதிகாரம் இருந்ததோ இல்லையோ, சொன்னன். பதினேழு நிமிஷம். நாப்பது பிள்ளையள், ஒரு இருமல் சத்தம் தவிர ஒண்டும் கேக்கேல்லை. ஒரு பிள்ளை பயத்தில மற்றப் பிள்ளையின்ர கையைப் பிடிக்கப் போய், அதுவும் தப்போ எண்டு என்ர முகத்தைப் பாத்துது. நான் தலையாட்டினன், பிடி எண்டு.

வெளியில வந்த பிறகு அந்தப் பதினேழு நிமிஷத்தைத் திருப்பிக் குடுத்தன். மேற்பார்வையாளர் அறிக்கையில நேரத்தோட எழுதினன், எப்ப எழுப்பினது, எப்ப திரும்பிச்சினம், எப்ப முடிச்சது எண்டு, ரெண்டு நோக்குனர்மாரும் கையெழுத்து வைச்சவை. ராத்திரி ஜாம் போத்தல் விளக்கில அந்த அறிக்கையை நாலு தரம் வாசிச்சனான். கேள்வி வந்தா பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகக் கூடாது, என்னட்டத்தான் வர வேணும் எண்டு இருந்தது. ஒரு கேள்வியும் வரேல்லை.

ஊரெழு_குமார்
மாஸ்டர், உங்களில எனக்கு மரியாதை இருக்கு, ஆனா நான் மறுத்துக் கதைக்கப் போறன். அதே வினாத்தாள் அதே நேரம் எண்டு பெருமையாச் சொல்லுறம். ஆனா அது நியாயமோ? கொழும்புப் பிள்ளைக்கு கரண்ட், புத்தகம், ரியூசன். எங்களுக்கு மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு போட்டு சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால திரி எடுத்து, அந்த வெளிச்சத்தில ஒரு கொப்பியைச் சுத்தி மூண்டு பேர். பற்றரி தடை. கொப்பி விலை ஏறி, பென்சிலால எழுதி அழிச்சிட்டு அதுக்கு மேல பேனையால எழுதினனாங்கள். உங்கட மண்டபத்தில பதினேழு நிமிஷம் திருப்பிக் கிடைச்சுது, எங்கட மண்டபத்தில ஷெல் சத்தம் அடங்கினாப் பிறகு வந்து இருந்தம், மணி அடிச்ச உடன பேப்பரை வாங்கிப் போட்டினம். அந்த மேற்பார்வையாளரும் சட்டப்படிதான் நடந்தவர். அப்ப ஆற்ற அதிர்ஷ்டத்துக்கு ஆர் டொக்டர் ஆகினது?

மாவட்டக் கோட்டாவும் எங்களுக்கு உதவேல்லை. பங்கருக்குள்ள இருந்தாலும் கட் ஓஃப் உயரத்திலதான். 71ல தரப்படுத்தல் (கம்பஸுக்கு எடுக்கப் புள்ளியளைச் சரிக்கட்டின முறை) வந்த காலத்தில இருந்து அந்த மாவட்டத்துக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சோதினையைப் பிற்போட்டு, எங்களுக்கு எண்டு ஒரு ஒழுங்கு செய்திருக்க வேணும் எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன்.

பழைய_நோக்குனர்
குமார் சொல்லுறது நியாயம், நான் மறுக்கேல்லை. அந்த மற்ற மண்டபத்துப் பிள்ளையளை நினைக்க எனக்கும் நெஞ்சு நோகுது, ஒரு சுற்றறிக்கை வந்திருந்தா எல்லா மண்டபத்திலயும் ஒரே மாதிரி நடந்திருக்கும். ஆனா "எங்களுக்கு எண்டு ஒரு வினாத்தாள்" எண்ட ஒண்டு மட்டும் வேண்டாம் தம்பி. அப்பிடி ஒண்டு வந்திருந்தா இண்டைக்கு இந்தப் பிள்ளைக்கு வந்த கடிதம் உங்கள் எல்லாருக்கும் வந்திருக்கும், அப்ப பதில் சொல்ல எங்களிட்ட ஒண்டும் இருந்திருக்காது. நேரம் தரலாம், இன்னொரு முறை தரலாம், வருஷம் பிந்தலாம். பேப்பரில கை வைக்கக் கூடாது. அந்த நேரம் ஸ்ராஃப் ரூமில நாங்கள் இதைத்தான் கதைச்சனாங்கள், ஒருத்தரும் மாறிச் சொல்லேல்லை.

மதுரக்காரன்_எம்டி
வணக்கம்ங்க. நான் தமிழ்நாடு, உங்க கதையில குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா ஐயா சொன்னதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் உக்ரைன்ல ஆறாவது வருஷம் படிச்சிட்டு இருக்கும்போது 2022 பிப்ரவரி 24 போர் ஆரம்பிச்சுது. போலந்து பார்டர் வரைக்கும் நடந்து, ஆபரேஷன் கங்கா ஃபிளைட்ல ஊருக்கு வந்தோம். அங்க டிகிரி வாங்க க்ரோக்-2னு ஒரு தேசிய எக்ஸாம் எழுதணும். அந்த வருஷம் முடிக்கிறவங்களுக்கு அதை அரசாங்கமே ரத்து பண்ணிட்டு, ஏற்கனவே வாங்கின மார்க்கை வெச்சு டிகிரி குடுத்தாங்க. மூணாவது வருஷப் பசங்க எழுதுற க்ரோக்-1ஐ அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெச்சாங்க. குண்டு விழுற ஊர்ல வேற என்ன பண்ணுவாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், எங்க புரொபசர்ஸ் ஷெல்டர்ல உக்காந்து போன் வெளிச்சத்துல ஆன்லைன் கிளாஸ் எடுத்தாங்க.

அன்னைக்கு சந்தோஷப்பட்டோம். ஆனா இந்தியா வந்ததும் அந்த டிகிரியைக் கையில வெச்சிட்டு நாங்க நின்ன நிலைமை இருக்கே. 2022 ஜூலைல மருத்துவ ஆணையம் என்ன சொன்னாங்கன்னா, ஜூன் 30க்குள்ள படிப்பு முடிச்ச சான்றிதழ் வாங்கினவங்க எஃப்எம்ஜிஇ (வெளிநாட்டுல மெடிசின் படிச்சவங்களுக்கான தகுதித் தேர்வு) எழுதலாம், முந்நூறுக்கு நூத்தம்பது எடுக்கணும், பாஸ் பண்ணா ஒரு வருஷத்துக்குப் பதிலா ரெண்டு வருஷம் ஹவுஸ் சர்ஜன். பேஷண்டைத் தொட்டுப் படிக்க வேண்டிய கடைசி மாசங்களை ஆன்லைன்ல படிச்சதுக்கு அந்தக் கூடுதல் வருஷம். எனக்குக் கீழ படிச்ச பசங்க நிலைமை இன்னும் மோசம், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2023 மார்ச்லதான் அவங்கள்ல கடைசி வருஷத்துல இருந்தவங்களுக்கு ஒரே ஒரு தடவை எம்பிபிஎஸ் எக்ஸாம் எழுத வாய்ப்பு கிடைச்சுது. வார்டுல ஒரு சீனியர், "நீ எக்ஸாம் எழுதாம டாக்டர் ஆன பேட்ச் தானே"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம்தான் எஃப்எம்ஜிஇ பாஸ் பண்ண பேப்பரை போன்லயே வெச்சுக்கிட்டேன். ஐயா சொன்ன மாதிரி நேரம் போனாலும் பரவால்ல, எழுதின பரீட்சைன்னு ஒண்ணு கையில இருக்கணும்.

வட்டக்கச்சி_மகள்
மதுரைத் தம்பி, உங்களுக்கு நடந்ததை வாசிக்கக் கவலையா இருக்கு. நான் வன்னியில இருந்து எழுதுறன்.

95ல யாழ்ப்பாணத்தில இருந்து கிளாலி கடந்து வன்னிக்கு வந்த பிள்ளையளுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கம்பஸுக்கு எந்த மாவட்டத்தில கணக்கெடுக்கிறது எண்டதை, சோதினைக்கு முந்தின மூண்டு வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சது எண்டு பாத்துத்தான் தீர்மானிப்பினம். இடம்பெயர்ந்த பிள்ளை மூண்டு வருஷத்தில நாலு பள்ளிக்கூடம் மாறியிருக்கும், அதில ரெண்டு மரத்துக்குக் கீழ. அந்த அதிபரைத் தேடிப் பிடிச்சுக் கடிதம் வாங்கிறதுக்குள்ள விண்ணப்ப முடிவுத்திகதி போயிடும். என்ர அக்காவுக்காக அப்பா மல்லாவியில இருந்து சைக்கிளில போய் ஒரு அதிபரின்ர கையெழுத்தை அவர் இருந்த தறப்பாள் கொட்டிலுக்குள்ள வாங்கினவர். றபர் முத்திரை இல்லை எண்டு அவர் அழாக் குறையா நிண்டவராம், பள்ளிக்கூடத்தோட முத்திரையும் போச்சு. "முத்திரை அழிந்தது, உண்மைப் பிரதி" எண்டு கையால எழுதிக் குடுத்தவர்.

நான் ஏ.எல் எடுத்தது 2009 ஓகஸ்ட், இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ள. மே 18 சண்டை முடிஞ்சது, மூண்டு மாதத்தில சோதினை. முள்ளிவாய்க்கால் வரைக்கும் அம்மா என்ர ஓ.எல் சேர்டிபிகேற்றையும் பிறப்புச் சான்றிதழையும் ரெண்டு சொப்பின் பாக்கில சுத்தி, துணியால இடுப்பில கட்டிக் கொண்டு வந்தவ. நகை இருந்த பையை கடலேரிக்குள்ள விட்டிட்டா, அதை மட்டும் விடேல்லை. முகாமில வெளிமாவட்ட ஆசிரியர்மார் வந்து பாடம் எடுத்தவை. கொட்டில் சூடு, தண்ணி வரிசை, காணாமல் போன ஆக்களின்ர விபரம் கேட்டு ஸ்பீக்கரில பெயர் வாசிச்சுக் கொண்டே இருப்பினம், அதுக்கு நடுவில பல்தேர்வு வினாத்தாள் பழகினனான். என்ர பெயரோட அண்ணாவின்ர பெயரும் வருமோ எண்டு ஒரு காது அங்கதான். எனக்கு ரெண்டு சீயும் ஒரு எஸ்ஸும் (எஸ் எண்டா சாதாரண சித்தி). அதே வினாத்தாள்தான். அந்த எஸ் என்னத்தோட எடுத்தது எண்டு எனக்குத் தெரியும்.

குமார் அண்ணா கேட்டது எனக்கும் இருக்கு. இன்னொரு மூண்டு மாதம் தந்திருந்தா நான் கம்பஸ் போயிருப்பன். ஆனா அந்த ரிசல்ட்டை வைச்சுத்தான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனனான், ஒருத்தரும் இது முகாம் ரிசல்ட் எண்டு சொல்லேல்லை.

நல்லூர்_சைக்கிள்
தங்கச்சி, இதை எழுதினதுக்கு நன்றி.

மகாபொல பற்றி ஆரும் சொல்லேல்லை, அதையும் சொல்ல வேணும். 81ல தொடங்கின, கம்பஸ் பிள்ளையளுக்கான உதவிப்பண நிதி, எனக்கும் கிடைச்சது. கொழும்பில மாதா மாதம் விழுற காசு எங்களுக்கு மூண்டு மாதம் நாலு மாதம் சேந்துதான் வரும், பட்டியல் போய் வர வேணும், பாங்கில நோட்டு இருக்க வேணும், நோட்டே கப்பலிலயோ பிளேனிலயோ வர வேணும். அறையில இருந்த அஞ்சு பேரில ரெண்டு பேருக்குத்தான் மகாபொல. காசு வாற நாள் ஒரு பெரிய தாச்சி கடனா வாங்கி கூழ் காய்ச்சுவம், மிச்சத்தை பாண், மண்ணெண்ணெய் எண்டு பிரிப்பம். ஸ்கொலசிப் எண்டு பேர் ரெண்டு பேருக்கு, படிச்சது அஞ்சு பேர்.

கம்பஸ் சோதினையும் அப்பிடித்தான். வினாத்தாள் ஸ்டென்சிலில வெட்டி கையால சுத்திற ரோனியோவில அடிப்பினம், மை தண்ணியா இருந்தா சமன்பாட்டில அடுக்குக் குறி விழாது, லெக்சரர் வந்து கரும்பலகையில எழுதி விடுவார். கெமிஸ்ட்ரி பிரக்டிக்கலுக்கு காஸ் இல்லை, ஸ்பிரிட் லாம்ப். மேலதிக தாள் கேட்டா முதல் தாளின்ர பின்பக்கம் நிரம்பினதோ எண்டு பாத்திட்டுத்தான் தருவினம். ரெண்டாவது திருத்துறவர் பேராதனையிலயோ கொழும்பிலயோ இருந்தா விடைத்தாள் போய் வர மாசக் கணக்கு. சுருக்கிப் போட்டு உள்ளயே திருத்தி முடிச்சிருக்கலாம். செய்யேல்லை. அக்கா, உங்கட ஏழு வருஷத்தில ஒரு பங்கு அதுக்குள்ளதான் இருக்கு.

ஊரெழு_குமார்
சரி, பேப்பரில கை வைக்கக் கூடாது எண்டதை ஒத்துக் கொள்ளுறன், மதுரைத் தம்பி எழுதினதுக்குப் பிறகு எனக்கு அதில வாதம் இல்லை. ஆனா அந்த வருஷங்களுக்கு ஆர் கணக்குக் குடுத்தது? இருபத்தெட்டு வயதில முதல் வேலைக்குப் போனனான், அரச வேலைக்கு வயதெல்லை தாண்டினவை எத்தினை பேர். சேவை மூப்பில எங்களோட ஏ.எல் எடுத்த தெற்குப் பெடியள் மேல நிக்க நாங்கள் கீழ. என்ர ரெண்டு தங்கச்சிமாருக்கும் "படிப்பு முடியட்டும்" எண்டு கலியாணம் பிந்தினது, ஒருத்தி படிப்பை விட்டிட்டா. சேர்டிபிகேற் சுத்தமா இருக்கு, ஓம். அதை சுத்தமா வைச்சிருக்கிற செலவு முழுக்க பிள்ளையளின்ர வயதில இருந்துதான் போனது. ஓய்வூதியத்திலயாவது அந்த வருஷங்களைக் கூட்டி இருக்கலாம், அதுக்கு ஒரு வினாத்தாளும் மாத்தத் தேவையில்லை.

பழைய_நோக்குனர்
ஓம் தம்பி. அது சரி. அதில நான் உம்மோடதான்.

கிணத்தடி_வாழை
எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர் எழுதினதை நான் அச்சடிச்சு வைச்சிருக்கிறன். வட்டக்கச்சித் தங்கச்சி, அண்ணா பற்றி ஏதும் அறிஞ்சீங்களோ எண்டு கேக்கப் பயமா இருக்கு, விரும்பினா தனிமடலில எழுதுங்கோ.

நேற்று இரவு இருந்து எழுதி முடிச்சிட்டன், ஒரு பக்கம். சொன்ன மாதிரி திகதியா மட்டும். முதல் வரியில தெற்கு கம்பஸ் மூடினது, பிறகு 95 ஏப்ரல், 95 ஒக்ரோபர் 30, 96, 2000. ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில அப்பாவின்ர சைக்கிளில என்ர ரெண்டு நோட்ஸ் கொப்பியும் அரிசி மூட்டைக்குக் கீழ நனையாமல் இருந்தது எண்டு ஒரு வசனம் எழுதிட்டு, பிறகு வெட்டிப் போட்டன். இங்க எழுதலாம் எண்டதால எழுதுறன்.

பதிவாளருக்கும் மெயில் போட்டாச்சு. ஒரு இடத்தில மட்டும் நிக்கிறன். ரெண்டாம் வருஷ பிரக்டிக்கல் 97ல எந்த மாதம் தொடங்கினது எண்டு ஞாபகம் இல்லை, போய் வர பாஸ் வாங்கி ஆமி சென்றியில வரிசையில நிண்டது மட்டும்தான் ஞாபகம். விஞ்ஞானபீடம் 94 உள்ள போன பட்ச், ஆரிட்டயாவது அந்த ரைம் ரேபிள் இருக்கோ?

செம்மணி_வெளி
அக்கா நான் உங்கட பட்ச்தான் எண்டு நினைக்கிறன், கணித குறூப். என்ர அனுமதி அட்டை இருக்கு, பின்பக்கத்தில ஒவ்வொரு பேப்பருக்கும் நோக்குனர் ஒப்பமும் திகதியும் இருக்கு. தண்ணி பட்டு ஓரம் மங்கிப் போச்சு, ஆனா வாசிக்கலாம். பின்னேரம் வேலையால வந்து ஸ்கேன் பண்ணிப் போடுறன். உங்கட சுட்டெண்ணின்ர கடைசி மூண்டு இலக்கத்தையும் தனிமடலில சொல்லுங்கோ, ஒரே மண்டபமோ எண்டு பாப்பம்.